முதல் ஆளாகப் போய்ச் சொன்ன செய்தி

இலங்கையில் வெள்ளைக்காரன் ஆட்சி முடிகிற தறுவாயில் நடந்தது இது. நான் அப்போது சென்னையில் ஒரு பெரிய கல்லூரியில் பத்திரிகைத் தொழில் படித்துக்கொண்டிருந்தேன். விடுமுறைக்குத் தனுஷ்கோடியில் கப்பலேறித் தலைமன்னாரில் இறங்கி, வங்காலையில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்திருந்தேன். கடல் தாண்டிப் போய்ப் படிக்கிற பிள்ளை என்று ஊரே மரியாதை கொடுத்ததில் எனக்குத் தலைக்கனம் கொஞ்சம் ஏறித்தான் இருந்தது.

செய்தியின் சாரம் முழுவதும் முதல் வரியிலேயே வந்துவிட வேண்டும், அதுவும் மற்றவனுக்கு முன்னால் வந்துவிட வேண்டும் என்பது எங்கள் பேராசிரியர் சொல்லிக்கொடுத்த பாடம். எனக்கு அது வேதவாக்கு. அம்மா சந்தைக்குப் போய்வந்து ஊர்க்கதை சொன்னால்கூட, முதலில் விஷயத்தைச் சொல்லுங்கோ என்று மறிப்பேன். பாவம், அம்மா பாதியில் நிறுத்திவிடுவார்.

ஒரு நாள் காலை சைக்கிளில் மன்னார்ப் பட்டினத்துக்குப் போனேன். ஆஸ்பத்திரி வாசலில் கூட்டமாக இருந்தது. முதல் நாள் அடித்த காற்றில் வள்ளம் ஒன்று கவிழ்ந்து, ஒருவருடைய உடல் மன்னார்த் தீவின் தென்கரையில் ஒதுங்கியிருந்ததாம். உள்ளே போய்ப் பார்த்தேன். எங்கள் பக்கத்து வீட்டு அண்ணன். கல்யாணம் முடித்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மனைவி வயிற்றுப் பிள்ளைக்காரி.

ஐயோ என்றுகூட என் வாயில் வரவில்லை. சொல்லவே கூசுகிறது. நின்ற பொலிஸ்காரரிடம் எங்கே, எப்போது, எப்படி என்று வகுப்பில் படித்த வரிசையிலேயே விசாரித்தேன். ஊரில் இதை முதலில் சொல்லப்போகிறவன் நான்தான் என்று தோன்றியது. தீவையும் எங்கள் கரையையும் இணைக்கும் பாலத்தைத் தாண்டி எதிர்க்காற்றில் மூச்சிரைக்க மிதித்தேன்.

ஊருக்குள் நுழையும்போது கோயில் முன்னால் பெண்கள் சிலர் நின்றார்கள். அதில் ஒரு மாமி என்னைக் கண்டதும் கையை ஆட்டி, "தம்பி, நில்லுங்கோ! ஒருக்கா நில்லுங்கோ!" என்று கத்தினார். செய்தி கேட்கத்தான் மறிக்கிறார்கள் என்று நினைத்து நான் நிற்கவே இல்லை.

உண்மையில் அவர்களுக்கு விடியவே தெரியும். அதே வள்ளத்தில் போய்த் தப்பி வந்தவர் சொல்லியிருந்தார். அண்ணனுடைய மனைவியின் தாய் பக்கத்து ஊரான நறுவிலிக்குளத்தில் இருந்தார். அவரைக் கூட்டிவர மாட்டுவண்டி போயிருந்தது. கடலில் போனவருடைய சாவுச் செய்தியை, பெற்ற தாயோ கூடப்பிறந்தவளோ பக்கத்தில் இல்லாமல் மனைவிக்குச் சொல்வதில்லை எங்கள் ஊரில். இரண்டு பேர் தோளைப் பிடித்துக்கொண்ட பிறகுதான் மூன்றாமவர் வாய் திறப்பார். எனக்குத் தெரியாத வழக்கமா அது? பிறந்ததிலிருந்து கண்டு வளர்ந்தது. அன்று அது என் நினைவுக்கே வரவில்லை.

அண்ணனின் மனைவி, அந்த அக்கா, கிணற்றடியில் நின்றார். என்னைக் கண்டதும் வாளியை வைத்துவிட்டு வேலிக் கதவான படலைக்கு விறுவிறென்று வந்தார். நான் சைக்கிளில் இருந்தபடியே ஒரே மூச்சில் சொன்னேன்: "அக்கா, நேத்து வள்ளம் கவிண்டு அண்ணன் செத்துப்போனார், உடம்பு மன்னார் ஆஸ்பத்திரியில கிடக்கு."

படித்தபடியே சொல்லிவிட்டேன், ஒரு சொல் வீணில்லை. அக்கா படலையைப் பிடிக்கக் கை நீட்டினார், எட்டவில்லை. வயிறு அடிபட விழுந்தார். நான் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு மரம் மாதிரி நின்றேன். ஓடிவந்த பெண்கள்தான் தூக்கினார்கள். அந்த மாமி என்னைத் திரும்பிப் பார்த்து, "நாங்கள் என்ன புத்திகெட்ட விசரியளோ தம்பி, கோயிலடியில காத்துக்கொண்டு நிக்க?" என்றார்.

பிள்ளை தங்குமா என்று மருத்துவிச்சியால் பல நாள் சொல்ல முடியவில்லை. நான் வெளியே தலைகாட்டாமல் வீட்டுக்குள்ளேயே கிடந்தேன். செபம் சொல்லக்கூட வெட்கமாக இருந்தது. ஆண்டவர் புண்ணியத்தில் பிள்ளை தப்பியது.

சென்னைக்குத் திரும்புமுன் அக்காவிடம் சொல்லிக்கொள்ளப் போனேன். மன்னிப்புக் கேட்க வார்த்தைகளையெல்லாம் அடுக்கி வைத்திருந்தேன். அவர் பாயில் இருந்துகொண்டு, என்னைக் கதிரையில் இருக்கச் சொன்னார். திட்டுவார் என்று பார்த்தேன், திட்டவில்லை.

"தம்பி, ஒண்டு கேக்கிறன், கோவிக்காதையுங்கோ. அண்டைக்கு நீங்கள் சிரிச்ச முகத்தோட வந்தனீங்கள். அவர் கரைக்கு வந்திட்டார் எண்டு சொல்லத்தான் ஓடி வாறியள் எண்டு நினைச்சு நான் படலைக்கு வந்தனான். ஏன் தம்பி சிரிச்சனீங்கள்?"

நான் சிரித்தது எனக்கே தெரியாது. கேட்க வந்த மன்னிப்பையும் கேட்காமல் எழும்பி வந்துவிட்டேன்.

பிறகு பத்திரிகையில் நெடுங்காலம் வேலை பார்த்தேன். செய்தியை முந்திக் கொடுத்ததற்காகப் பலர் என் முதுகில் தட்டியிருக்கிறார்கள். அக்காவின் கேள்விக்கு விடை எனக்கு எப்போதோ தெரிந்துவிட்டது: அன்று நான் சந்தோஷமாக இருந்தேன். அதை அவரிடம் போய்ச் சொல்லும் துணிவுதான் இந்த வயதிலும் வரவில்லை.