பாதத்தில் ஒட்டிய பஞ்சு

மில் ஆண்டு விழா கழிந்த ஞாயிற்றுக்கிழமை, ஓசூருக்குப் போவதற்காக ராஜபாளையத்தில் மதுரை பஸ் ஏறினாள் பாண்டிசெல்வி. அப்பா தவசிமுத்து பையைத் தூக்கிக் கொடுத்தார். பஸ் நகர்ந்தபோது கையை அசைக்கவில்லை.

அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. பந்தயத்தில் தோற்றுவிட்டுத்தான் அவள் போகிறாள்.

பாண்டிசெல்விக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. பிளஸ் டூ முடித்து நூல் மில்லில் சேர்ந்தவள், நாள் முழுக்க மெஷின்களுக்கு நடுவே நடந்த பிறகும் வீட்டில் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே இருப்பாள். ஓசூர் செல்போன் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்ததும் சாப்பாடும் இறங்கவில்லை. அதே மில்லில் ஃபிட்டரான அப்பாவிடம் கேட்டாள். சிரித்தார்.

“ஏட்டி, இந்த வருஷம் ஒங்க டீம் கயிறு இழுத்து ஜெயிக்கட்டும். மறுநாளே போ. தோத்தா போகப்புடாது.” அவளும் சரி என்றாள்.

ஆண்டு விழாவில், அதே முதலாளியின் ஸ்ரீவில்லிபுத்தூர் மில் பெண்கள் வந்து இவர்களோடு கயிறு இழுப்பார்கள். ராஜபாளையம் ஜெயித்ததே இல்லை. அந்தத் தைரியம் அவருக்கு.

டீம் தலைவி வெள்ளத்தாய் எல்லோருக்கும் முட்டை அவித்து வந்தாள். “அவளுக ஒவ்வொருத்தியும் ஆட்டுரல் கணக்கா இருக்கா. தின்னுங்கட்டி.”

“சத்துல இல்லக்கா,” என்றாள் பாண்டிசெல்வி. “நாம எம்புட்டு இழுக்கமோ, கயிறும் நம்மள அம்புட்டு இழுக்கும். ரெண்டு பக்கமும் கையில ஒரே இழுவைதான். எவ காலைத் தரை கெட்டியாப் பிடிக்குதோ, அவ ஜெயிப்பா.”

“அப்பம் ஒன் முட்டைய இங்கன குடு.”

பாண்டிசெல்வி விடவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரிகள் பஸ்ஸிலிருந்து இறங்கி மண்ணில் நடந்து வருகிறார்கள். இவர்களோ ஷிப்ட் முடிந்த கையோடு, வெறுங்காலோடு, நேரே மைதானத்துக்கு ஓடுகிறார்கள். வேர்த்த பாதத்தில் பஞ்சுத்தூசி மெத்தையாக அப்பியிருக்கும். பாதத்துக்கும் மண்ணுக்கும் நடுவே பஞ்சு இருந்தால் உராய்வு எங்கிருந்து வரும்?

விழாவன்று ஷிப்ட் முடிந்ததும் எல்லோரையும் குழாயடிக்குத் தள்ளிக்கொண்டு போனாள். சோப்புப் போட்டுத் தேய்த்ததில் பஞ்சு முழுக்கப் போயிற்று. அதற்குள் விசில். அப்படியே ஓடினார்கள்.

கயிறு விறைத்தது. செத்த நேரம் எந்தப் பக்கமும் அசையவில்லை. பிறகு ஈரக்கால்களுக்கு அடியில் புழுதி சேறாயிற்று. முதலில் வெள்ளத்தாய் உட்கார்ந்தாள். பின்னாலேயே மொத்த டீமும் உட்கார்ந்தபடி கோட்டைத் தாண்டி வழுக்கிப் போனது.

“என்ன மயினி, குளிச்சிட்டு வந்தீயளா?” என்றது எதிர்ப்பக்கம். கூட்டம் சிரித்தது. எல்லோரையும்விடப் பலமாகக் கை தட்டியவர் தவசிமுத்து. மகள் போகமாட்டாள்.

“சரியாத்தான் கண்டுபிடிச்சே,” என்றாள் வெள்ளத்தாய், பாவாடையைப் பிழிந்துகொண்டே. “தொடைக்க ஒரு துண்டு கொண்டாந்திருக்கலாம்லா, மூதி.”

ஆனாலும் பாண்டிசெல்வி பையைக் கட்டினாள். “சொன்ன பேச்ச மாத்துதியே,” என்றார் அப்பா. அதோடு அவளிடம் பேச்சை நிறுத்திவிட்டார்.

ஓசூரில் வேலை பிடித்திருந்தது. கால்தான் நிற்கவில்லை. ஹாஸ்டல் வராந்தாவில் நடந்துகொண்டே வீட்டுக்குப் போன் செய்வாள். அம்மா பேசுவாள். பின்னால் அப்பாவின் இருமல் கேட்கும். போனை அவர் வாங்கமாட்டார். லீவுக்குப் போனாலும் ஏறிட்டுப் பார்க்கமாட்டார்.

மூன்றாவது வருஷம், ஒரு டீ இடைவேளையில், அப்பாவின் நம்பரிலிருந்து வாய்ஸ் மெசேஜ் வந்தது. பின்னணியில் ஒரே கூச்சல்.

“ஏட்டி, வெள்ளத்தாய் எல்லாரையும் காலக் கழுவி, தொடச்சு, காஞ்ச மண்ணுல தேய்க்க வச்சுட்டா. ஒங்க டீம் ஜெயிச்சாச்சு. நான் சொன்னா சொன்னதுதான். போயிட்டு வா தாயீ.”