பதினைந்தாம் பத்தி

அப்பாவின் வலது கையை விரித்துப் பிடித்து, நடுவிரலின் நடுக்கணுவை ஒரு ஈர்க்குச்சியால் அளந்தேன். பக்கவாதம் வந்து அந்தக் கை விழுந்து அப்போது ஒன்றரை மாதம். விரல்கள் உள்ளங்கைக்குள் சுருண்டே கிடக்கும். ஒவ்வொன்றாக எடுத்து நிமிர்த்த வேண்டும், விட்டால் திரும்பச் சுருண்டுகொள்ளும். ஈர்க்குச்சியைக் கிள்ளி வைத்துக்கொண்டேன். அதுதான் ஒரு அங்குலம். ஸ்கேலில் இருக்கிற இஞ்சு இல்லை, அப்பாவுக்கு மட்டுமே உரிய அங்குலம். இருபத்துநாலு சேர்ந்தால் ஒரு முழம்.

"இன்னாடி பண்ற அந்தக் கைய?" என்றாள் அம்மா அடுப்படியிலிருந்து.

"அளவு எடுக்கறேன்."

"டைலர் கடை வெச்சிருக்கா பாரு. டைப்பு லோயரோட வுட்ட. இந்தி ரெண்டாவது பரீட்சையோட வுட்ட. வீணை கத்துக்கறேன்னு போயி சரளி வரிசை தாண்டல. இப்போ தச்சு வேலையா?"

அப்பா சிரித்தார். சிரிப்பு வாயின் ஒரு பக்கம் மட்டும் போய் நின்றது.

தொண்ணூறுகளின் கடைசி அது. நான் பி.எஸ்சி. முடித்துவிட்டு செங்கல்பட்டு வீட்டில் வேலைக்கு மனுப் போட்டுக்கொண்டிருந்தேன். அப்பா கோர்ட்டில் நகல் எழுதுகிற பிரிவில் முப்பது வருஷம் இருந்தவர். மார்கழியில் ஒருநாள் காலை, செருப்பு மாட்டப் போனவர் அப்படியே சாய்ந்தார். அதற்கு முன்பே அக்காவின் கல்யாணம் வைகாசிக்கு என்று நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை கூடுவாஞ்சேரி. அக்கா திருவிடந்தைக் கோயிலில் மாலை போட்டுச் சுற்றி வேண்டிக்கொண்டு வந்த மூன்றாம் மாதமே அமைந்த வரன் என்பதால், கல்யாணத்தையும் அங்கேயே ஒரு மண்டபத்தில் வைத்தார்கள்.

பெண்ணைத் தாரை வார்த்துக் கொடுக்க அப்பாவும் அம்மாவும் மணையில் உட்கார வேண்டும். அப்பாவால் தரையோடு இருக்கும் மணையில் சாய்மானம் இல்லாமல் உட்கார முடியாது, வலப்பக்கம் சரிந்துவிடுவார். நாற்காலி போட்டுக்கொள்ளலாம் என்று ஐயரே சொன்னார். அப்பாதான் ஒப்பவில்லை. அக்கினி கீழே இருக்க, தான் மேலே உட்கார்ந்து பெண்ணைக் கொடுப்பதில்லை என்று, ஒவ்வொரு வார்த்தையாகத் தேடி எடுத்துச் சொல்லி முடிக்க அவருக்கு ஐந்து நிமிடம் ஆயிற்று. அப்படியென்றால் சித்தப்பாவும் சித்தியும் உட்காரட்டும் என்று பெரியவர்கள் கூடிப் பேசி முடித்தார்கள். சித்தப்பா நல்லவர். அவரே அரை மனதாகத்தான் தலையாட்டினார். அப்பா உட்காரவில்லை என்றால் அம்மாவும் உட்கார முடியாது. அதை அம்மா ஒரு தடவைகூட வாய்விட்டுச் சொல்லவில்லை.

அன்று ராத்திரியே நான் முடிவு செய்துவிட்டேன். முதுகும் கைப்பிடியும் வைத்து, ஆனால் தரையோடு இருக்கிற மாதிரி ஒரு மணை செய்வேன். எல்லாவற்றையும் அப்படித்தான் ஆரம்பிப்பேன், நின்ற இடத்தில்.

என்னிடம் இரண்டு புத்தகங்கள் இருந்தன. பஸ் ஸ்டாண்டு பக்கத்துப் பழைய பேப்பர் கடையில், ஒரே சணல் கயிற்றில் கட்டிக் கிடந்தவை. ஒன்று பாட்டும் உரையுமாக, பழைய எழுத்தில் அச்சடித்த தச்சு நூல். எந்த மரம் எதற்கு ஆகும், யாருடைய ஆசனத்தை யாருடைய விரலால் அளக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் இருந்தது. மற்றது தொழிற்பள்ளிக்காக எழுதியது. பத்திக்குப் பத்தி எண் போட்டு, உளியை எப்படிப் பிடிப்பது, ரம்பத்தை எந்தச் சாய்வில் தொடங்குவது என்று படத்தோடு சொல்லும். வாங்கிய புதிதில் இரண்டையும் ஒரே வாரத்தில் படித்து முடித்துவிட்டு, வீட்டிலிருந்த பழைய ஸ்டூலைப் பிரித்து மறுபடி சேர்க்கத் தெரியாமல் மூலையில் போட்டிருந்தேன்.

பலா மரம்தான் மணைக்கு. மர அறுவை மில்லில் ரம்பம் ஓட்டுகிறவர், என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், நான் புத்தகமும் கையுமாக வருவதைப் பார்த்து எனக்குப் பட்டமே வைத்துவிட்டார்.

"இன்னா டீச்சரம்மா, இன்னிக்கு புக்குல இன்னா போட்டுகீது?"

"பலா இருக்கா அண்ணா?"

"கீது. கருங்குழிலேர்ந்து நேத்துதான் வந்துது. ஆனா பச்ச மரம், தொட்டுப் பாரு, தண்ணி வுட்டுகினு கீது. அவசரம்னா அதோ பழைய பலா நெலவு ஒண்ணு சாத்தி வெச்சிகீறேன் பாரு. இடிச்ச வூட்டுது. எலும்பாட்டம் காஞ்சது. அத்த எடுத்துக்க."

அந்தக் கதவு நிலைச்சட்டத்தில் ஆணி ஓட்டைகள் இருந்தன. கருத்திருந்தது. பச்சைப் பலா மஞ்சளாக, பழத்தின் வாசனையோடு பளபளவென்று கிடந்தது.

"ஒரு வூட்ல இருந்த மரம் மங்கல காரியத்துக்கு ஆவாதுன்னு புக்குல இருக்கு."

"புக்கு எழுதுனவன் வந்து உங்கப்பாவத் தாங்கிப் பிடிப்பானா? சரி, பச்சையே எடுத்துக்க. ரெண்டு ஸ்க்ரூ போட்டுத் தரேன், அஞ்சு நிமிஷ வேல, ஆடாது."

"இரும்பு கூடாது."

"பித்தளைல போடறேன் தாயே!"

"மர ஆணிதான் அண்ணா."

அவர் இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார். பித்தளை கூடாது என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஸ்க்ரூ போட்டால் அது நான் செய்ததாக இருக்காது என்று எனக்குத் தோன்றியது, அவ்வளவுதான்.

சாயங்காலங்களில் அப்பாவைப் பேச வைக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கோர்ட்டில் நகல் சரிபார்க்கும்போது ஒருவர் மூலத்தைப் படிக்க, மற்றவர் நகலில் விரல் ஓட்டிக்கொண்டே வருவாராம். வீட்டிலும் அதே முறை வைத்துக்கொண்டோம். நான் தொழிற்பள்ளிப் புத்தகத்தை ஒரு வரி படிப்பேன், அப்பா திருப்பிச் சொல்வார். எண்ணோடு படிக்கச் சொல்வார். "பன்னண்டு," என்பேன். "பன்...னண்டு," என்பார். உளி தீட்டுவதைப் பற்றி அவர் குழறிக் குழறிச் சொல்லும்போது, அம்மா வாசலில் நின்று முந்தானையைக் கடித்துக்கொண்டு கேட்பாள்.

பதினான்காம் பத்தி மரத்தைத் தேர்வு செய்வது பற்றி. பதினைந்தாவது, அறுத்த மரத்தை நிழலில் அடுக்கி, இடையே காற்றுப் போகக் கட்டை வைத்து, குறைந்தது ஒரு வருஷம் உலரவிட்ட பிறகே வேலைக்கு எடுக்க வேண்டும் என்பது. எனக்கு அது நன்றாகத் தெரியும். பின்பக்கம் தாழ்வாரத்தில் பலகை அறுபட்டு வந்து நாலு நாள் ஆகியிருந்தது. கல்யாணத்துக்கு மூன்று மாதம்.

"பதினாறு," என்று படித்தேன்.

அப்பா உடனே திருப்பிச் சொல்லவில்லை. என்னைப் பார்த்தார். வார்த்தை வரவில்லை போலிருக்கிறது என்று நினைத்து மறுபடியும் சொன்னேன்.

"பதி...னாறு," என்றார்.

மரம் எப்போது அறுத்தது என்று அம்மா கேட்டபோது, போன வருஷத்து மரம் என்று சொல்லிவிட்டேன். ஒரு புத்தகத்தின் பேச்சைக் கேட்டு உலர்ந்த சட்டத்தை வேண்டாம் என்றேன், இன்னொரு புத்தகத்தின் பேச்சை மறைத்தேன். எது என் அவசரத்துக்கு வளைந்து கொடுத்ததோ அதுதான் எனக்குச் சாஸ்திரமாக இருந்தது.

வேலை என்னவோ நன்றாகத்தான் வந்தது. இதை நான் சொல்லியாக வேண்டும். பச்சை மரம் உளிக்கு வெண்ணெய் மாதிரி இறங்கியது. சட்டத்தின் நுனியைச் செதுக்கி நாக்குப் போல நீட்டிவிடுவதற்குக் கழுந்து என்று பெயர். அதைப் பலகையில் வெட்டிய துளைக்குள் இறக்க வேண்டும். முதல் இரண்டு கழுந்து பாழாயிற்று, மூன்றாவது காற்றுப் புகாமல் உட்கார்ந்தது. இடது கட்டைவிரலில் இப்போதும் ஒரு தழும்பு இருக்கிறது. பங்குனியில் முதுகுச் சட்டங்களும் வலப்பக்கக் கைப்பிடியும் நின்றன. எல்லாம் அந்த ஈர்க்குச்சிக் கணக்கு.

அப்பாவைத் தூக்கி உட்கார வைத்தோம். வலது முழங்கை கைப்பிடியில் தானாகப் போய் அமர்ந்தது. முதுகு மணையின் முதுகோடு சேர்ந்தது. அளந்து தைத்த சட்டை மாதிரி. அவர் சரியவில்லை.

"ச...ரியா... இருக்கு," என்றார்.

அம்மா மோர் கரைக்கப் போகிறேன் என்று உள்ளே போனாள். திரும்பி வர வெகு நேரமாயிற்று.

அதன் பிறகு தினமும் ஒத்திகை. அப்பா மணையில், பக்கத்தில் அம்மா கூச்சத்தோடு. நான் துண்டை அங்கவஸ்திரமாகப் போட்டுக்கொண்டு மாப்பிள்ளையாக எதிரில் உட்காருவேன்.

"மாப்ள, நிமிர்ந்து உக்காரு. கூனிக்கினு கீற," என்பாள் அக்கா.

"பொண்ணு வாயாடியா கீதே மாமா, மாத்திக் குடுங்களேன்," என்பேன்.

அப்பா தோள் குலுங்கச் சிரிப்பார். இடது கையால் வலது கையைத் தூக்கி, அதன்மேல் அக்காவின் கையை வைத்துக்கொள்வார். அம்மா சொம்பிலிருந்து தண்ணீரை விடுவாள். முதல் நாள் தண்ணீர் முழுக்க என் மடியில் கொட்டியது. பதினைந்து இருபது நாளில் ஒரு சொட்டு வெளியே போகாமல் விழ ஆரம்பித்தது.

சித்திரை முடியும்போது கத்திரி வெயில். ஒருநாள் மணையைத் துடைக்கும்போது வலப்பக்கச் சட்டம் லேசாக ஆடியது. மர ஆணியைத் தட்டி இறுக்கினேன். இரண்டு நாள் கழித்து மறுபடி ஆடியது. சிறாய் சீவி இடுக்கில் செருகினேன். துளை அதே துளைதான். அதற்குள் இருந்த கழுந்து, பச்சை மரம் காயக் காய, நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டிருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. மில்லுக்குப் போய் அந்தப் பித்தளை ஸ்க்ரூவைக் கேட்டிருக்கலாம். நாலு தெரு தூரம்.

கல்யாணத்துக்கு ஐந்து நாள் முன்பு சித்தப்பா வந்தார். அப்பா மணையில் உட்காருவதைக் கண்ணால் பார்த்துவிட்டால் தானே எல்லோரிடமும் பேசி மாற்றிவிடுவதாகச் சொல்லியிருந்தார். அவர் வருகிறார் என்று அப்பா சவரம் செய்துகொண்டு, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டிருந்தார். அம்மா சொம்பு எடுத்து வந்தாள். அக்கா கையை நீட்டினாள். அப்பா இடது கையால் வலது கையைத் தூக்கினார். உடம்பின் பாரம் வலப்பக்கம் போயிற்று.

சத்தம்கூடப் பெரிதாக இல்லை. சட்டம் துளையிலிருந்து மெதுவாகக் கழன்றது. அப்பா அதோடு சாய்ந்தார். விழுகிறவன் கையை ஊன்றுவான், அவருக்கு அந்தப் பக்கம் கை இல்லை. நெற்றி தரையில் பட்டது.

சித்தப்பாதான் தூக்கினார். புருவத்துக்கு மேல் வெட்டி, வெள்ளைச் சட்டையில் ரத்தம் இறங்கியது. "வேணாம்ணா, வேணாம்ணா," என்று அவரே அழுதார்.

"நீ... உக்காரு," என்றார் அப்பா அவரிடம். முகூர்த்தத்தைத்தான் சொன்னார்.

கட்டுப் போட்டு எல்லோரும் நகர்ந்த பிறகு, என்னைப் பக்கத்தில் வரச் சொல்லித் தலையசைத்தார். அலமாரியில் இருந்த புத்தகத்தை இடது கையால் காட்டினார்.

"பதி...னஞ்சு," என்றார்.

முப்பது வருஷம் நகலை மூலத்தோடு ஒப்பிட்டவருக்கு, பதினாலுக்குப் பிறகு பதினாறு வந்தது தெரியாமலா இருந்திருக்கும்? அவருக்கு அந்தச் சாயங்காலமே தெரிந்திருக்கிறது. தெரிந்தேதான் தினமும் அதில் உட்கார்ந்திருக்கிறார். என்னை நம்பியா, தன் ஆசையிலா, நான் இதையாவது முடிக்கட்டும் என்றா?

திருவிடந்தையில், மேடைக்குக் கீழே முதல் வரிசையில் ஒரு இரும்பு நாற்காலியில் அப்பா உட்கார்ந்திருந்தார், நெற்றியில் கட்டோடு. அம்மா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள், அவளுக்கு உட்கார இடம் இருந்தும். மேடையில் சித்தப்பாவும் சித்தியும். சித்தி சொம்பைச் சாய்த்தபோது நான் அப்பாவைப் பார்த்தேன். இடது கையால் வலது கையைத் தூக்கி, மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டிருந்தார். விரல்கள் சுருண்டு வர, ஒவ்வொன்றாக நிமிர்த்திப் பிடித்திருந்தார். தண்ணீர் விழுந்து முடியும்வரை அப்படியே வைத்திருந்தார்.

சாயங்காலம் மாமல்லபுரம் வழியாக வேனில் திரும்பினோம். கடல் காற்று போய்த் திருக்கழுக்குன்றத்து வெக்கை ஆரம்பிக்கிற இடத்தில், அப்பா என் பக்கம் திரும்பினார்.

"உன்... கல்யாணத்துக்கு... காஞ்சிரும்," என்றார்.

சிரிக்கச் சொல்கிறார் என்று புரிந்தது. சிரித்தேன்.

அடுத்த வாரம் மில்லிலிருந்து அந்த அண்ணா வீட்டுக்கே வந்து, எதுவும் கேட்காமல், புக்கைப் பற்றிப் பேசாமல், இரண்டு பித்தளை ஸ்க்ரூ போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். உண்மையிலேயே ஐந்து நிமிடம்தான் ஆயிற்று. அப்பா அதன் பிறகு அதில் உட்கார்ந்துதான் சாப்பிட்டார், இடது கையால், தானே. ஒரு நாளும் ஆடவில்லை.

தை மாதக் கடைசியில், தூக்கத்திலேயே போய்விட்டார்.

பலகையை அறுத்த தேதியை அதன் அடியில் பென்சிலால் எழுதி வைக்க வேண்டும் என்று அந்தத் தொழிற்பள்ளிப் புத்தகத்தில் இருந்ததால் எழுதி வைத்திருந்தேன். காரியமெல்லாம் முடிந்து வீடு காலியான பிறகு ஒரு மத்தியானம் மணையைக் கவிழ்த்துப் பார்த்தேன். மாசியில் ஒரு தேதி. ஒரு வருஷம் ஆக இன்னும் நாலு நாள் இருந்தது.

அந்த நாலு நாளும் போகும்வரை காத்திருந்தேன். பிறகு மணைக்கு எதிரில் உட்கார்ந்து, புத்தகத்தைப் பிரித்து, எண்ணோடு சேர்த்து, வாய்விட்டுப் பதினைந்தாம் பத்தியைப் படித்தேன். நாலு வரிதான். அரை நிமிடம்கூட ஆகவில்லை.