ரெண்டு ராணியும் செல்வி வைத்த கெடுவும்

சீட்டாடுகிறவனுக்கு மோசமான சீட்டால் பெரிய நஷ்டம் வராது. அவனை மொட்டையடிப்பது நல்ல சீட்டு. கையில் ரெண்டு ராஜாவை வைத்துக்கொண்டு தோற்று, பேருக்குச் சிரித்து வைத்த சக பாவிகளே, இது உங்களுக்காகத்தான்.

இரண்டாயிரத்து ஐந்து வாக்கில், ஞாயிறு மத்தியானம் ஆஸ்டின் டவுனில் கண்டக்டர் முனிரத்னம் வீட்டு மாடியில் ஆறு பேர் போக்கர் ஆடுவோம். ஆளுக்கு ரெண்டு சீட்டு மூடி வரும், நடுவில் ஐந்து சீட்டு திறந்து வரும். சேர்த்துப் பார்த்து யார் கை பெரிதோ, நடுவில் குவிந்தது அவருக்கு. சில்லறை ஆட்டம்தான், ஆனால் தன் முன்னால் இருக்கும் காசை எப்போது வேண்டுமானாலும் மொத்தமாகத் தள்ளலாம். மூன்று மாதம் விடாமல் தோற்றேன். மனைவி செல்வி கெடு வைத்துவிட்டாள்: "இந்த மாசம் ஒரு ஞாயிறாவது கெலிச்சுட்டு வாங்க. இல்லன்னா சீட்டுக்கு ஒரு கும்பிடு போட்டுடுங்க." வாரத்தில் ஆறு நாள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த எனக்கு இருந்த ஒரே சந்தோஷம் அந்த மாடி.

ராஜா வைத்த பந்தி

முதல் ஞாயிறே ரெண்டு ராஜா. எல்லாரையும் உள்ளே இழுத்துக் கறக்கலாம் என்று தந்திரமாகப் பந்தயத்தை ரெண்டே ரூபாய் ஏற்றினேன். எங்கள் ஆட்கள் மூணு சீட்டு ஆடி வளர்ந்தவர்கள். ரெண்டு ரூபாய்க்குப் பயந்து சீட்டைக் கவிழ்த்து ஒதுங்குவது அவர்களுக்கு மானப் பிரச்சினை. ஐந்து பேரும் வந்தார்கள். ரிச்சர்ட்ஸ் டவுன் அந்தோணியிடம் ஒரு ஏழும் ஒரு நாலும். நடுவிலும் ஏழும் நாலும் விழுந்து, அவனுக்கு ரெண்டு ஜோடி ஆனது, என்னிடம் ராஜா ஜோடி ஒன்றுதான். என் முன்னால் இருந்ததெல்லாம் அவன் பக்கம் போயிற்று. தலையில் கை வைத்துக்கொண்ட என்னிடம் அந்தோணி கேட்டான்: "கதவைத் திறந்து போட்டு பந்தி வச்சது நீ, சாப்ட்டுட்டுப் போனது என் தப்பா மச்சான்?"

பாதி போண்டா

அடுத்த வாரம் ரெண்டு ஏஸ். பாடம் படித்திருந்தேன், எடுத்த எடுப்பிலேயே பதினைந்து ரூபாய் ஏற்றினேன். ஒருவர் வந்தால் போதும். மானஸ்தர்கள் ஐந்து பேரும் வரிசையாகக் கவிழ்த்தார்கள்! கிடைத்தது, ஆட்டம் தொடங்கக் கட்டாயமாக வைத்த மூன்று ரூபாய். "இன்னிக்கு மட்டும் எல்லாருக்கும் புத்தி வந்துடுச்சா?" என்று கத்தினேன். முனிரத்னம் என் தட்டைக் காட்டினார்: "டிக்கெட் எடுக்காதவன் மூஞ்சி கண்டக்டருக்குத் தெரியாதா குரு? சீட்டைப் பார்த்ததும் போண்டாவ பாதியில வச்சுட்ட, அப்பவே கொத்தாச்சு, எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு!"

கடைசி ஞாயிறு

மூன்றாம் வாரத்தைப் பற்றிப் பேச வேண்டாம்.

நான்காம் வாரம் நாற்பது ரூபாய் லாபத்தில் இருந்தேன். எழுந்து ஓடிவிடலாமா என்று நினைக்கும்போது ரெண்டு ராணி வந்தது. வாயில் இருந்த போண்டாவை மென்றுகொண்டே பத்து ரூபாய் ஏற்றினேன். முனிரத்னம் மட்டும் வந்தார். நடுவில் ஒன்பது, ஆறு, ரெண்டு. எல்லாம் பொடி. இன்னொரு இருபது போட்டேன். முனிரத்னம் எதற்கும் கூட வருவார், தானாக ஒருநாளும் ஏற்றியதில்லை. அன்று தன் குவியலை இரண்டு கையாலும் தள்ளினார். ராணிகளை விட மனசே வரவில்லை. ஆனாலும் கவிழ்த்தேன். அவர் சிரித்துக்கொண்டே காட்டினார்: கையில் ரெண்டு ஒன்பது, நடுவில் இருந்ததோடு மூன்று! அதோடு எழுந்துவிட்டேன். மிச்சம் பத்து ரூபாய். அல்சூரில் என் வீடு வரை தரையில் கால் படாமல் நடந்தேன்.

செல்வி நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், கதை முழுவதையும் கேட்டாள். பிறகு சொன்னாள்: "தோக்கப்போறோம்னு தெரிஞ்சதும் விட்டுட்டு எழுந்தீங்களா? அந்தப் புத்தி வீட்டுச் சண்டையில ஒருநாளும் வந்ததில்லையே! வாரா வாரம் போங்க, நல்லா கத்துக்கிட்டு வாங்க."

அன்றிலிருந்து மாடியில் பெரிய ஜோடி வந்தால் தைரியமாக ஏற்றுகிறேன், வீட்டில் மட்டும் என்ன சீட்டு வந்தாலும் முதல் பேச்சிலேயே கவிழ்த்துவிடுகிறேன்.