இருக்கிறதிலேயே பெரிய ரயர்

காருக்கு ரயர் வாங்கப் போன இடத்தில் "என்ன சைஸ்?" என்று கேட்டதற்கு, "இருக்கிறதிலேயே பெரிசு" என்று பதில் சொன்ன மனிதன் நான். அதுவும் பிள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பித்துச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்த காலத்தில்.

கிளிநொச்சிக் குடியேற்றத் திட்டத்தில் எங்கள் வாய்க்கால் பக்கம் அப்போது ஒரேயொரு கார்தான். அது என்னுடையது, உலக யுத்தத்துக்கு முன் பிறந்தது. நான்கு ரயர்களும் வழுவழுத்து, பக்கத்திலிருந்த இலக்கமும் அழிந்துவிட்டது. தை மாதத்தில் அயல் கமக்காரரின் மகனுக்குத் துணுக்காயில் கலியாணம். முகூர்த்தத்துக்கு முன் மாப்பிள்ளையைக் கொண்டுபோய்ச் சேர்க்கிற பொறுப்பை நானே வலியப் போய் எடுத்துக்கொண்டேன். "பஸ்ஸில போவம்" என்ற தகப்பனைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தேன்.

வவுனியாவில் கராச்சுக்காரர் என் பதிலைக் கேட்டுவிட்டுச் சக்கரத்தைக் குனிந்து பார்த்தார்.

"இதுக்கு அஞ்சு இஞ்சி அகலம்தான், மாஸ்ரர். இப்ப கையில இல்லை. ரெண்டு கிழமை பொறுங்கோ."

"அங்க கிடக்கிறது?"

"ஜீப்பின்ர. ஆறு இஞ்சி. ரிம்மில ஏறும். ஆனா..."

ரிம்மும் பதினாறு அங்குலம், ரயரின் உள்விட்டமும் பதினாறு. இதில் என்ன ஆனால்? பெரிய சக்கரம் சேற்றில் புதையாது, ஒரு சுற்றுக்குக் கூடிய தூரம் போகும் என்று வட்டங்களைப் பற்றி அவருக்கு ஒரு பாடம் நடத்தினேன். முழுவதையும் கேட்டார்.

"படிச்சனியள். பூட்டிவிடுறன். ஆக்களை ஏத்திப்போட்டு ஒருக்கா ஸ்ரேரிங்கைத் திருப்பிப் பாருங்கோ."

பார்க்கவில்லை. கண்டி வீதியில் நான் தனியே வந்தேன், கார் ஒரு முழம் வளர்ந்த பெருமையோடு வந்தது. அந்த வீதியும் நேர்வீதி.

கலியாணத்தன்று மாப்பிள்ளை, தகப்பன், சித்தப்பன், பாரத்துக்குப் பேர்போன ஒரு மாமன் எல்லோரும் ஏறியதும் கார் இருந்த உயரத்தையும் இழந்தது. மாங்குளம் சந்தி அகலமானது. பெரிய வட்டமெடுத்துத் திருப்பினேன். முன்பக்கம் ஏதோ கரகரத்தது.

"என்ன சத்தம்?" என்றார் சித்தப்பன்.

"புது ரயர்" என்றேன்.

துணுக்காயில் பெண்வீட்டுக்குத் திரும்புகிற ஒழுங்கை ஒடுக்கமான மண்பாதை. மேளம் கேட்கிற தூரத்தில் ஸ்ரேரிங்கை ஒடித்தேன். பாதியில் ரயர் போய் மட்காட்டுக்குள் இறுகிக்கொண்டது. அதற்குமேல் அசையவில்லை. காரின் மூக்கு பக்கத்து வயலைப் பார்த்துக்கொண்டு நின்றது.

"பஸ் எண்டா முடக்கில திரும்பும்" என்றார் தகப்பன், யாரையும் பார்க்காமல்.

எல்லோரையும் இறக்கிப் பார்த்தேன். காற்றைக் குறைத்துப் பார்த்தேன். மாமன் மட்காட்டைக் கையால் வளைத்துப் பார்த்து, கையைத்தான் வெட்டிக்கொண்டார்.

"முகூர்த்தம் போகப்போகுது, மாஸ்ரர். நான் நடக்கிறன்" என்றான் மாப்பிள்ளை. பட்டு வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கி, மறு கையால் தலைப்பாகையைப் பிடித்துக்கொண்டு, மழைச்சேறு காயாத ஒழுங்கையில் இறங்கினான். பின்னால் நாங்கள். மேளகாரர் எங்களைக் கண்டு ஒரு கணம் வாசிப்பதை நிறுத்தியது எனக்கு மட்டும் கேட்டிருக்கலாம்.

நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். பந்தல் வாசலில் மாப்பிள்ளையின் காலைக் கழுவச் செம்போடு நின்ற பெண்ணின் தமையன், முழங்கால்வரை இருந்த சேற்றைப் பார்த்தார். பிறகு செம்பைப் பார்த்தார். கிணற்றடியிலிருந்து இரண்டு வாளி தண்ணீர் வந்தது. தாலி முகூர்த்தத்துக்குள்ளேயே ஏறியது.

பந்தியில் எனக்குச் சோறு போட வந்தவரும் அவர்தான்.

"காரில வாறார் எண்டு சொன்னபடியால்தான் ஒரு செம்போட நிண்டனான், மாஸ்ரர். வயலுக்குள்ளால வாறார் எண்டு சொல்லியிருந்தா வாய்க்காலைத் திறந்துவிட்டிருப்பன்."