அம்மா எடுத்த கால்

பிரேக் பெடல் காலுக்கடியில் மெத்தென்று இறங்கினால், எண்ணெய்க் குழாய்க்குள் காற்று புகுந்துவிட்டது என்று பொருள். இதனை நான் என் எட்டாம் வயதில், ஜப்பானியர் ஆட்சியின்போது, மலாய் நாட்டில் லூனாஸை அடுத்த எங்கள் ரப்பர் தோட்டத்து லாரிக் கொட்டகையில் அறிந்துகொண்டேன்.

அப்பா தோட்டத்து லாரியோட்டி. சயாமில் ரயில் பாதை போடுவதற்கென்று பெயர் எழுதப்பட்ட ஆட்களைச் சுங்கைப் பட்டாணி நிலையத்தில் கொண்டுபோய் இறக்குமாறு அவருக்கு உத்தரவு வந்திருந்தது. பட்டியலில் என் தாய்மாமன் பெயரும் இருந்தது. அவரோ குளிர்காய்ச்சலில் எழமாட்டாமல் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் கிடந்தார். காய்ச்சலைச் சொல்லியும் பெயரை நீக்கவில்லை.

அப்பா தேய்ந்த பிரேக் கட்டைகளை மாற்றினார். பிரேக் எண்ணெய் அகப்படாத காலம். தோட்டத்து ஆஸ்பத்திரியில் விளக்கெண்ணெயும் ஸ்பிரிட்டும் கேட்டு வாங்கிக் கலந்து ஊற்றினார். பெடல் மெத்தென்றே இருந்தது. காற்றை வெளியேற்ற இருவர் வேண்டும். அம்மா பெடலை மிதித்துப் பிடிக்க, அப்பா சக்கரத்தருகே படுத்து எண்ணெய்க் குழாயின் திருகைத் தளர்த்துவார். குமிழிகளோடு எண்ணெய் வடியும். திருகை இறுக்கிய பின்னரே காலை எடுக்கவேண்டும்; முந்தினால் காற்று மீண்டும் உள்ளே போய்விடும். இவ்வளவையும் எனக்கு விளக்கியவர் அப்பாவே.

இரண்டு நாளாகியும் பெடல் இறுகவில்லை. மூன்றாம் நாள் காலை, தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி துப்பாக்கி ஏந்திய சிப்பாய் ஒருவனோடு வந்து நின்றார்.

“இது என்னா டிரைவரே, பெடலா, பஞ்சு மெத்தையா?”

“காத்து போவ மாட்டேங்குதுங்க ஐயா,” என்றார் அப்பா, லாரிக்கடியிலிருந்தே.

எனக்குப் பொறுக்கவில்லை.

“அம்மாதான்பா தப்பா மிதிக்கிறாங்க. நீங்க இறுக்குறதுக்கு முன்னாடியே கால எடுத்துடுறாங்க.”

கிராணி அம்மாவைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு அவரை இறங்கச் சொல்லித் தாமே ஏறி அமர்ந்தார். அரை மணி நேரத்தில் பெடல் கல்லாக இறுகியது. “பொண்ணு கெட்டிக்காரி,” என்றார். நான் பெருமையோடு அப்பாவைப் பார்த்தேன். அவர் கைகளைச் சாக்கில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அன்று பிற்பகல் மாமாவை இருவர் தாங்கிவந்து லாரியில் ஏற்றினர். ஓட்டிச் சென்றவர் அப்பா.

காய்ச்சல் தணிந்ததும் மாமா பெண்டாங் வயற்புறத்துக்கு நடந்துபோய், மலாய்க்காரர் ஒருவர் வீட்டில் ஒளிந்துகொள்வதாக ஏற்பாடு. அதற்கு இன்னும் ஒரு நாள் தேவைப்பட்டிருக்கிறது. மாமா திரும்பமாட்டார் என்பது உறுதியாகிப் பல ஆண்டுகள் கழிந்தபின், மாமாவின் மனைவியான அத்தை சொல்லித்தான் இதை அறிந்தேன்.

லாரி போன அன்று மாலை, காலை எப்பொழுது எடுக்கவேண்டும் என்பதை நான் அம்மாவுக்கு முதலிலிருந்து சொல்லிக்கொடுத்தேன். அவர் மாமா படுத்திருந்த பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார். அம்மாவுக்கு இனி மறக்காது என்று எண்ணிக்கொண்டேன்.