வால்வுப் பெட்டியும் பின்தெரு இரைச்சலும்

என் வீட்டு மாடி அறையில் இரண்டு இரும்புப் பெட்டிகள் இருக்கின்றன. ஒன்று கேட்பதற்கு, இன்னொன்று பேசுவதற்கு. இரண்டும் நான் பிறப்பதற்கு முன்பே செய்யப்பட்டவை. உள்ளே எல்லாம் கண்ணாடி வால்வுகள். ஸ்விட்சைப் போட்டவுடன் எதுவும் நடக்காது. வால்வுகள் சூடேறி, உள்கம்பி செம்மஞ்சளாகத் தெரிந்து, மேலே படிந்த தூசு லேசாகக் கருகும் வாசனை வந்த பிறகுதான் ஸ்பீக்கரில் சத்தம் கேட்கும். அதற்குள் அடுப்பில் பாலை வைத்து இறக்கிவிட்டு வரலாம்.

தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்தபோதே வீட்டிலிருந்தே வானொலியில் பேசிக்கொள்ளும் ஹாம் ரேடியோ உரிமத்துக்கான தேர்வில் தேறியிருந்தேன். ஆனால் சொந்தமாகப் பெட்டி கிடைத்தது விருப்ப ஓய்வு வாங்கிய பிறகுதான். மணவூரில் ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர் ஒருவர் அவற்றை வைத்திருந்தார். மகளோடு பெங்களூரு அடுக்குமாடிக் குடியிருப்புக்குப் போகப்போகிறார். அங்கே மொட்டைமாடியில் துணி காயப்போட ஒரு கொடி கட்டவே அனுமதி கேட்க வேண்டுமாம், ஆன்டெனாவுக்கு எங்கே போவது. “காயலான் கடைக்காரன் கேட்டுகினே இருக்கான். அவன் கையில குடுக்கறதுக்கு பதிலா நீங்க தூக்கிகினு போங்கம்மா” என்றார். என் கணவரும் ஆட்டோக்காரரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து மாடியேற்றினார்கள். படியின் திருப்பத்தில் சுவர்ப் பூச்சு பெயர்ந்தது. அதை இன்னும் பூசவில்லை.

பல வருடம் தூங்கிய பெட்டிக்கு நேராகக் கரண்ட் கொடுத்தால் உள்ளே இருக்கும் பழைய கண்டென்சர்கள் வெடித்துவிடும். அதனால் வழியில் ஒரு குண்டு பல்பைக் கோர்த்துக் கொடுப்பேன். பல்பு பளிச்சென்று எரிந்தபடியே இருந்தால் உள்ளே எங்கோ ஷார்ட். எரிந்து மங்கினால் பிழைத்தோம். இப்போது கடைகளில் குண்டு பல்பு கேட்டால், “அதெல்லாம் யார்மா வாங்கறா?” என்கிறார்கள். காகிதம் சுற்றிய கண்டென்சர்களை ஒவ்வொன்றாக மாற்றினேன். உள்ளே பல நூறு வோல்ட் ஓடும். திறந்த பெட்டியில் வேலை செய்யும்போது ஒரு கையைப் பாக்கெட்டில் வைத்துக்கொள் என்பது விதி. இரண்டு கையாலும் தொட்டால் மின்சாரம் நெஞ்சு வழியாகப் போகும். விதியை எழுதியவர்கள் புடவை கட்டாதவர்கள். நான் இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்வேன்.

ஆன்டெனா என்பது நீளமான செம்புக் கம்பிதான். மொட்டைமாடித் தூணிலிருந்து கொல்லைத் தென்னை வரை கட்டியிருந்தோம். மலையிலிருந்து இறங்கிவரும் குரங்குகளுக்கு அது ஊஞ்சல். மாதத்துக்கு ஒருமுறையாவது என் கணவர் முணுமுணுத்தபடி மறுபடி கட்டுவார்.

காலையில் சித்தூர் பல் மருத்துவர் ஒருவருடன் பேசுவேன். அவரிடமும் இதே காலத்துப் பெட்டி இருக்கிறது. கிளினிக் திறக்கும் முன் கொஞ்ச நேரம் அவருக்கு ஓய்வு. பாதி தெலுங்கு, பாதி தமிழ். எந்த வால்வு எங்கே கிடைக்கிறது, எந்த டிரான்ஸ்பார்மர் முனகுகிறது என்பதற்கு மேல் நாங்கள் அதிகம் பேசியதில்லை. நேரில் பார்த்ததும் இல்லை.

ஒருநாள் காலை பெட்டியைப் போட்டதும் ‘கொர்ர்’ என்று ஒரு சத்தம். டயலை எங்கே திருப்பினாலும் அது இருந்தது. டாக்டரின் குரல் அதற்கு அடியில் எங்கோ முங்கிக் கிடந்தது. பழைய பெட்டி வைத்திருப்பவர்களுக்கு முதல் சந்தேகம் எப்போதும் தங்கள் பெட்டியின் மேல்தான் விழும். திறந்தேன். வால்வு மாற்றினேன், ஈயப் பற்றுகளைத் திரும்ப வைத்தேன், நன்றாயிருந்த கண்டென்சர்களையும் கழற்றினேன். சில வாரங்கள் இப்படியே போயின. பிறகுதான் வீட்டின் மெயினை அணைத்துவிட்டு, பேட்டரியில் ஓடும் சின்ன ரேடியோவில் கேட்டுப் பார்க்கத் தோன்றியது. இரைச்சல் அப்படியே இருந்தது. என் பெட்டி மேல் தப்பில்லை.

அந்த ரேடியோவைக் காதோரம் வைத்துக்கொண்டு தெருவில் நடந்தேன். பாலிதீன் பையோடு நின்ற பூக்காரம்மா, “ஸ்கோர் இன்னாம்மா?” என்றாள். இன்னொருவர் நான் மின்வாரியத்திலிருந்து வந்திருப்பதாக நினைத்து, தெருவிளக்கு எரியாததைப் பற்றிப் புகார் சொன்னார். பேருந்துகள் திரும்பும் மூலையில் சத்தம் குறைந்தது. எங்கள் வீட்டுக்குப் பின்தெருவில் ஏறியது. ஒரு பச்சை ஜன்னலின் கீழ் நின்றபோது ரேடியோவைக் காதிலிருந்து எடுக்க வேண்டியதாயிற்று.

டீசல் மெக்கானிக் பாயின் வீடு. அரக்கோணம் சாலையில் பட்டறை வைத்திருந்தவர். லாரிக்காரர்கள் ஆந்திரப் பக்கத்திலிருந்துகூட அவரிடம் வண்டியைக் கொண்டுவருவார்கள். உடம்பு சரியில்லாமல் பட்டறையை மூடிவிட்டார் என்று கேள்விப்பட்டிருந்தேன், போய்ப் பார்த்ததில்லை. கதவைத் தட்டினேன். அவர் மனைவி திறந்தார். நாங்கள் பாயம்மா என்று கூப்பிடுவோம்.

உள்ளே கட்டிலில் பாய் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மூக்கில் குழாய். பக்கத்தில் சின்ன ஃபிரிட்ஜ் அளவுக்கு ஆக்ஸிஜன் மெஷின். கரண்ட் போனாலும் நிற்காதபடி அதற்கென்று புதிதாக ஓர் இன்வெர்ட்டர். அந்த இன்வெர்ட்டரைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. மலிவான சரக்கு ரேடியோவில் அப்படித்தான் இரையும்.

“வாங்கம்மா. இன்னா, அதிசயமா கீது?” என்றார் பாய். ஒரு வாக்கியம் முடிவதற்குள் இரண்டு முறை மூச்சு வாங்கினார்.

“சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்” என்றேன். டீ குடித்தேன். திரும்பி வந்தேன்.

என் கணவருக்கு இது புரியவில்லை. “ஒயர்ல ரெண்டு ஃபெரைட் வளையம் மாட்டினா இரைச்சல் குறைஞ்சிடும்னு நீதானே சொல்லுவே? சொல்ல வேண்டியதுதானே?” என்றார்.

“மூச்சு வாங்கிகினு கீறாரு. அவர்கிட்ட போய் உங்க மெஷின் எனக்குத் தொந்தரவா கீதுன்னு சொல்லவா?”

காலைகளில் அந்த இரைச்சலோடே பேசினோம். டாக்டர் கத்திப் பேசினார், நான் பாதியை ஊகித்தேன். மற்ற நேரங்களில் டயலைப் பிரித்துச் சுத்தம் செய்தேன்.

நான் சொல்லாவிட்டாலும் தெரு சொல்லிவிட்டது. ஒருநாள் பாயம்மாவே வந்தார். வாசலிலேயே நின்றபடி, “ரேடியோவ வெச்சிகினு எங்க வூட்டு ஜன்னலாண்ட நின்னுகினு இருந்தீங்களாமே? இன்னா விஷயம்?” என்றார். கோபம் இல்லை, பயம்தான். ஏதோ கசிவு, ஏதோ கதிர் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். மாடிக்கு அழைத்துப் போய்ப் பெட்டியைப் போட்டுக் காட்டினேன். இரைச்சலைக் கேட்டார். “இது எங்க வூட்லேர்ந்தா வருது?” என்று மூன்று நான்கு முறை கேட்டார்.

வளையத்தைப் பற்றிச் சொன்னேன். மெஷினை நிறுத்தவே வேண்டாம், ஒயரின் மேல் கவ்விவிட்டால் போதும் என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். “வாணாம்மா. அதுல கை வெக்காதீங்க. அவருக்கு அது மூச்சு. எனக்கு அந்த சத்தம் இருந்தாதான் தூக்கம். கொஞ்சம் மாறினாலும் எழுந்து உக்காந்துடுவேன்.”

“சரி, பாயம்மா” என்றேன்.

ஆனால் அவர் போய்க் கணவரிடம் சொல்லியிருக்கிறார். மறுநாளே எனக்கு ஆள் வந்தது. பாய் சிரித்தபடி இருந்தார். “எம் மூச்சு உங்க ரேடியோல கேக்குதாமே? எடுத்தாங்க, நானும் கேக்கறேன்.”

சின்ன ரேடியோவைக் கட்டிலில் வைத்தேன். மெஷினுக்குள் காற்றழுத்தம் ஏறி இறங்கும்போதெல்லாம் இரைச்சலும் கொஞ்சம் தடித்து, பிறகு மெலிந்தது. பாய் கண்ணை மூடிக் கேட்டார். “ஐட்லிங் நல்லாத்தான் கீது” என்றார், நின்ற லாரியின் இன்ஜினைக் கேட்டவர்போல. பாயம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“இதுல உங்க பேச்சும் கேக்குமா?” என்றார் பிறகு.

கேட்கும். இன்றைய புதுப் பெட்டிகளின் பேச்சை அந்தச் சின்ன ரேடியோவில் பிடித்தால் வாத்து கத்துவது போலிருக்கும். என்னுடையது பழைய முறையில் அனுப்புவதால் சாதாரண சிற்றலை ரேடியோவிலேயே தெளிவாகக் கேட்கும். பின்தெரு என்பதால் அந்த இரைச்சலையும் அமுக்கிக்கொண்டு கேட்கும். டயலில் எங்கே வைக்க வேண்டும் என்று ஒரு புள்ளி குத்திக் கொடுத்துவிட்டு, ரேடியோவை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன்.

அதன் பிறகு பாய் தினமும் காலையில் கேட்டார். ஆனால் தூரத்து டாக்டரின் குரல் அந்தச் சின்ன ரேடியோவுக்கு எட்டாது. நான் பேசுவது மட்டும்தான். நான் நிறுத்தியதும் அவருடைய சொந்த மெஷினின் இரைச்சல், மறுபடி நான். வாரத்துக்கு இரண்டு மூன்று முறை அந்தப் பக்கம் போவேன். போனதும், “நேத்து டிரான்ஸ்பார்மர் சூடாவுதுன்னு சொன்னீங்களே, அதுக்கு அவரு இன்னா சொன்னாரு?” என்பார். நான் சொல்வேன். “அப்டியா? நான் வேற மாதிரி நெனச்சிகினு இருந்தேன்” என்பார். டாக்டரைப் பற்றி அவராகவே ஒரு உருவம் வைத்திருந்தார். தடியான ஆள், கொஞ்சம் கோபக்காரர், அதனால்தான் நான் அவரிடம் அவ்வளவு நிதானமாகப் பேசுகிறேன் என்று. டாக்டரிடம் இதைச் சொன்னபோது, தான் ஒல்லி என்றார்.

ஆடிக் கிருத்திகை சமயத்தில் ஒருநாள், பேசிக்கொண்டிருக்கும்போதே இரைச்சல் நின்றது. தெருவில் காவடிக் கூட்டம், ஒலிபெருக்கி, தெலுங்கில் யாரோ காணாமல்போன பையனைப் பற்றி அறிவிக்கிறார்கள். என் ஹெட்போனுக்குள் மட்டும் வெறும் அமைதி. அதில் டாக்டரின் குரல் பக்கத்து அறையிலிருந்து வருவதுபோல வந்தது. நான் அவருக்குப் பதில் சொல்லவில்லை. பெட்டியை அப்படியே விட்டுவிட்டு, செருப்புப் போடாமல் கூட்டத்தை ஊடுருவிப் பின்தெருவுக்கு ஓடினேன்.

பாய் கட்டிலில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். குழாய் ஒரு சிலிண்டரிலிருந்து வந்தது. தரையில் மெஷினைப் பிரித்துப் போட்டு, கம்பெனி ஆள் ஒருவர் ஃபில்டர் மாற்றிக்கொண்டிருந்தார். இன்வெர்ட்டரை அணைத்து வைத்திருந்தார்கள்.

“இன்னாம்மா ஓடியாறீங்க? மூச்சு வாங்குது பாருங்க” என்றார் பாயம்மா.

ஒன்றுமில்லை என்றேன். பாய் என்னைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். “உக்காருங்கம்மா. இட்லி சாப்புடுங்க” என்றார். சாப்பிட்டேன். வீட்டுக்கு வந்தபோது டாக்டர் இன்னும் என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். இரைச்சல் திரும்பியிருந்தது.

அன்றிலிருந்து பெட்டியைப் போட்டதும் முதலில் அந்தச் சத்தம் இருக்கிறதா என்று பார்ப்பது வழக்கமாகிவிட்டது. இருந்தால் எல்லாம் சரி என்று எடுத்துக்கொள்வேன்.

மழைக்காலத்தில் ஒருநாள் காலையும் அது இருந்தது. தடித்து, மெலிந்து, வழக்கம்போல. நானும் டாக்டரும் பேசினோம். புது ஈயப் பற்றைப் பற்றி என்று நினைவு. பாய் கேட்பார் என்பதற்காக டாக்டர் சொல்வதையும் இடையிடையே நான் திருப்பிச் சொல்வது அப்போது பழகியிருந்தது. ஹெட்போனைக் கழற்றிவிட்டு ஜன்னலுக்கு வந்தேன். பின்தெருவில் ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். ஒருவர் பிளாஸ்டிக் நாற்காலிகளை இறக்கிக்கொண்டிருந்தார்.

விடியற்காலைத் தொழுகைக்குப் பிறகு கொஞ்ச நேரத்தில் போய்விட்டாராம். நான் பேசத் தொடங்கியபோது அவர் இல்லை.

பெண்கள் இருந்த பக்கமாக உள்ளே போனேன். பாயின் முகத்தில் குழாய் இல்லை. துணி போர்த்தியிருந்தார்கள். மெஷின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. குழாயின் நுனி தரையில் கிடந்து லேசாகச் சீறியது. இத்தனை பேர் வந்து போன அறையில் அதை யாரும் நிறுத்தவில்லை. பாயம்மா அதன் பக்கத்தில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். என் கையைப் பிடித்தார்.

“நீங்க நிறுத்துங்கம்மா. எனக்குக் கை வரல.”

ஸ்விட்சை அணைத்தேன். மெஷின் ஒரு பெருமூச்சு விட்டு நின்றது. இன்வெர்ட்டரையும் அணைத்தேன். அதுவரை அழாமல் இருந்தவர் அப்போதுதான் அழத் தொடங்கினார். எனக்கு அழுகை வரவில்லை. குழாயைச் சுருட்டி மெஷின் மேல் வைத்தேன். மத்தியானத் தொழுகை முடிந்ததும் பாயை எடுத்தார்கள்.

கணவரை இழந்தவர்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கும் இத்தா முடியும்வரை பாயம்மா வெளியே வரவில்லை. நான் போய்ப் பார்த்துவருவேன். தூக்கம் வரவில்லை என்றார். ஃபேனை வேகமாக வைத்துப் பார்த்தாராம், அந்தச் சத்தம் வேறு மாதிரி இருக்கிறதாம். மெஷினையும் இன்வெர்ட்டரையும் பொதட்டூர்பேட்டையில் ஒரு தறிக்காரர் வீட்டுக்குக் கொடுத்துவிட்டார். அந்த வீட்டுப் பெரியவருக்கு, அவர்களுடைய நைனாவுக்கு, இதே நோய். எடுத்துப்போக வந்த அவருடைய மகளுக்கு, எந்த ஸ்விட்சை முதலில் போட வேண்டும், ஃபில்டரை எப்போது தட்டிக் கழுவ வேண்டும் என்று பாயம்மாதான் சொல்லிக் கொடுத்தார்.

இப்போது காலையில் டாக்டரின் குரல் தெளிவாக வருகிறது. இலங்கையிலிருந்து ஒருவரின் குரல்கூடக் கேட்கிறது. சென்ற மாதம் பேசும் பெட்டியின் பெரிய வால்வு ஒன்று போய்விட்டது. டாக்டர் தன்னிடமிருந்த உபரியைப் பஞ்சில் சுற்றி, பேருந்து நடத்துநர் ஒருவரிடம் கொடுத்தனுப்பினார். பேருந்து நிலையத்தில் போய் வாங்கி வந்தேன். வாங்கிய கையோடு பாயம்மா வீட்டில் காட்டினேன். கண்ணாடியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, “அந்த தடி ஆளு அனுப்பினாரா?” என்று கேட்டார்.

ஆமாம் என்றேன்.