மடக்காமல் விட்ட கம்பிகள்

எங்கள் தெருவில் அநேக வீடுகளுக்குக் கொம்பு உண்டு. கீழ்த்தளம் கட்டியதிலேயே மூச்சு வாங்கிவிட்ட குடும்பங்கள், மாடியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தூண் கம்பிகளை மொட்டை மாடிக்கு மேல் நீட்டி விட்டிருப்பார்கள். துருப்பிடித்து இருபது வருடம் நின்றாலும் யாரும் அறுக்க மாட்டார்கள். அறுத்தால், வீடு இனி வளராது என்று தெருவுக்கே சொன்ன மாதிரி ஆகிவிடும்.

அடையாறில் தாத்தா விட்டுப்போன ஓட்டு வீட்டை இடித்துவிட்டு அப்பா வீடு கட்டியபோது எனக்குப் பத்து வயது. காண்ட்ராக்டரிடம் விட்டால் சிமெண்டில் பாதி மணலாகிவிடும் என்பது அவர் கட்சி. ஆகவே ஒரு மேஸ்திரியை வைத்துக்கொண்டு தானே நின்று கட்டினார். நாங்கள் மந்தைவெளியில் ஓர் அறையும் அடுக்களையுமான வீட்டில் வாடகைக்கு இருந்தோம். அஸ்திவாரம் தோண்டிய அன்றே, "மேல ஒரு ரூம் வரும், அது உனக்குத்தான்" என்று சொல்லியிருந்தார். அந்த அறையைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் நான் அளந்த கதைகள் கொஞ்சநஞ்சமல்ல.

சுவர் எழும்பியதும் எஞ்சினியர் கூரைத் தளத்தின் விவரங்களை வரைந்து தரச் சொன்னார். பீம் எங்கே ஓடுகிறது, தண்ணீர்த் தொட்டி எந்த மூலையில், மாடிப்படிக்கு எவ்வளவு திறப்பு, தூண் கம்பிகளை மேலே விடுவதா, தளத்துக்குள்ளேயே மடக்கி முடித்துவிடுவதா. இதையெல்லாம் பார்த்துத்தான் எத்தனை கம்பி, எந்தக் கனம் என்று அவர் எழுதித் தருவார். "மடக்கி கான்கிரீட் போட்டுட்டா அப்புறம் மாடி கேட்டு என்கிட்ட வராதீங்க" என்றும் சொல்லிவிட்டார்.

அப்பா ஆபீஸில் ஃபைல் எழுதுகிறவர், படம் வரைகிறவர் அல்ல. இருந்தாலும் கட்டம் போட்ட தாளில், ஓர் அடிக்கு இரண்டு கட்டம் என்று வைத்துக்கொண்டு பொறுமையாக வரைந்தார். டேப்பின் மறு நுனியைப் பிடிப்பது என் வேலை. ஒரு சுவரை அளந்ததுமே அவர் சிமெண்ட் மூட்டைமேல் உட்கார்ந்துவிடுவார். வெயில் என்றாள் அம்மா. நானும் வெயில் என்றே நினைத்தேன். செவ்வாய்க்கிழமைகளில் இருவரும் ஆட்டோ பிடித்து எங்கோ போய்விட்டுப் பேசாமல் திரும்பி வருவார்கள்.

அந்தத் தாளில் வரைந்த வீட்டின் முன்பக்கத் தோற்றத்தில் நான்கு தூண்கள் தெரிந்தன. ஒவ்வொன்றின் தலையிலும் அப்பா இரண்டிரண்டு கோடு நீட்டியிருந்தார். அவைதான் என் அறைக்கு ஆதாரம். ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் திரும்பி வந்தவர், சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து அந்த எட்டுக் கோடுகளையும் அழித்தார்.

மறுநாள் மேஸ்திரிக்கே தாங்கவில்லை. "இன்னா சார், கம்பிய மடக்க சொல்ற? பாப்பாக்கு மேல ரூம் கட்றேன்னு சொல்லிக்கினு இருந்தியே."

"வேணாம் மேஸ்திரி. கீழ இருக்கறதே போதும்" என்றார் அப்பா. நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். என் பக்கம் திரும்பவே இல்லை.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அன்று சாயங்காலம் அவர் குளிக்கப் போன நேரத்தில், உறையில் போட்டு வைத்திருந்த தாளை உருவி, அவர் பென்சிலாலேயே நான்கு தூண்களுக்கும் கோடு போட்டேன். அவர் போட்டிருந்ததைவிட நீளமாகவே போட்டேன். காலையில் அவர் பிரித்துப் பார்க்காமல் உறையைக் கொண்டுபோய் எஞ்சினியரிடம் கொடுத்துவிட்டார்.

இரண்டு நாள் கழித்து எஞ்சினியர் போன் செய்தார். அவருக்குக் கனத்த குரல், அடுக்களை வரைக்கும் கேட்டது. "கம்பி வேணாம்னு சொன்னீங்க, படத்துல மேல விட்டிருக்கீங்களே. எது சார் சரி?"

அப்பா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். இன்றைக்கு முதுகு பழுத்துவிடும் என்று நிச்சயமாகத் தெரிந்தது. எஞ்சினியர் இரண்டு தடவை "ஹலோ" என்றார்.

"படத்துல இருக்கறதுதான் சார் சரி" என்றார் அப்பா. "மேல விட்டுடுங்க. பொண்ணுக்கு ரூம் வேணும்."

அடுக்களையில் அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த சத்தம் நின்றுபோயிற்று. தண்ணீர் மட்டும் விழுந்துகொண்டே இருந்தது.

அவர் என்னைத் திட்டவில்லை. ஒரு புதுத் தாளை எடுத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். "ஜன்னல் எந்தப் பக்கம் வேணும், சொல்லு" என்றார்.

புது வீட்டுக்குக் குடிபோகும் நாள் வரைக்கும்கூட அவர் இருப்பாரா என்பதை, செவ்வாய்க்கிழமைகளில் அவர்கள் போய்ப் பார்த்த டாக்டரால் சொல்ல முடியவில்லை. கட்ட ஆளில்லாத மாடியை அம்மா தலையில் சுமத்திவிட்டுப் போகக் கூடாது என்றுதான் கம்பியை மடக்கச் சொல்லியிருக்கிறார். இதெல்லாம் பல வருடம் கழித்து அம்மா சொல்லித் தெரிந்தது. அன்றைக்கோ, எதிலோ ஜெயித்துவிட்ட மிதப்பில், தெருப் பக்கம் ஒரு ஜன்னல் போதாது, இரண்டு வேண்டும் என்று அவரோடு மல்லுக்கு நின்றேன். அவர் இரண்டையும் வரைந்தார்.